முகமூடிச் சக்கரவர்த்திக்கு வசனம் எழுதியவர்

என் வீட்டுக்காரர் யாருன்னு எங்க தெருவில கேட்டா, "டிவியில அந்த வேற்றுகிரகச் சக்கரவர்த்தி பேசறாரே, அதுக்கு வசனம் எழுதறவர்"னு சொல்லுவாங்க. வெளிநாட்டுத் தொடர் அது. ஒரு பேரரசு கிரகம் கிரகமா வளைச்சுப் போட்டுக்கிட்டே வரும். அதை நம்ம பாஷையில பேச வைக்கறதுதான் இவர் வேலை. இருபது வருஷமா டப்பிங் வசனம் எழுதறார். வெளியில பரம சாது. வீட்டில எப்படின்னு யாரும் கேட்டதில்லை, நானும் வாயைத் திறந்ததில்லை.

அந்த வேலையில ஒரு கட்டுப்பாடு உண்டு. திரையில உதடு ஒட்டற இடத்தில நம்ம வசனத்திலயும் ஒரு ‘ம’வோ ‘ப’வோ விழணும். இல்லேன்னா வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்னு பார்க்கறவங்க சிரிப்பாங்க. சக்கரவர்த்திக்கு மட்டும் இந்தத் தொல்லையே கிடையாது. அவர் போட்டிருக்கறது இரும்பு முகமூடி, உதடே தெரியாது. "அவனுக்கு என்ன வேணா எழுதலாம்டி"ன்னு இவருக்குக் குஷி. மூலத்தில மூணு வார்த்தை இருந்தா இவர் பன்னிரண்டு எழுதுவார். ஸ்டூடியோவிலேயே உட்கார்ந்து மடமடன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துடுவார்.

அந்த வசனம்தான் ஊரையே பிடிச்சு உலுக்குச்சு. "எங்க மேனேஜரேதான்"னு பேங்க் வாட்ச்மேன் சொன்னார். "போங்க, என் மாமியாரைப் பார்த்து எழுதியிருக்கார்"னு எதிர்வீட்டு டெய்லரம்மா சண்டைக்கு வந்தாங்க. ஆளாளுக்கு ஒரு ஆளை அந்த முகமூடிக்குள்ள உட்கார வச்சாங்க. நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அது ஓடற நேரம் எனக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில ஷிப்ட். மகள் பார்க்க உட்காருவா, பாதியில எழுந்து போயிடுவா.

அப்பத்தான் தணிக்கை ஆபீசில இருந்து கடிதாசு வந்துச்சு. ‘தொடரில் வரும் பேரரசு யாரைக் குறிக்கிறது என்பதை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து விளக்கவும்.’ அவ்வளவுதான். போன வருஷம் இதே மாதிரி கடிதாசு வந்த பாட்டு எழுதறவர் ஒருத்தர் உள்ளே போனார், இன்னும் வெளியே வரலை. அவர் மனைவி ஆபீஸ் ஆபீசா ஏறி இறங்கறாங்க.

மூணு நாள் இவர் தூங்கலை. தெருவில ஜீப் சத்தம் கேட்டா ஜன்னல்கிட்ட ஓடினார். அந்தப் பயத்திலயும் காபித் தம்ளர் தள்ளி வச்சிருந்ததுக்கு என்னை நிக்க வச்சு அரை மணி நேரம் கேள்வி கேட்டார். நானும் நின்னேன். வியாழக்கிழமை சட்டைப் பித்தான் போடவே அவருக்குக் கை வரலை. நான்தான் போட்டு விட்டேன், கூடவும் போனேன்.

அதிகாரிக்குச் சின்ன அறை, பெரிய மேஜை. மூலையில டைப்பிஸ்ட் ஒரு பொண்ணு.

"மூலத்தில மூணு வார்த்தை. உங்க பேப்பர்ல பன்னிரண்டு. மீதி ஒன்பதும் எங்கிருந்து வந்துச்சு?"

"கற்பனைங்க சார்."

"கற்பனை வானத்தில இருந்தா குதிச்சுது?" அதிகாரி கதவு சாத்தியிருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்கிட்டார். "இதைக் கேக்கும்போது எனக்கு யார் ஞாபகம் வருதுன்னு எனக்குத் தெரியும். அதை என் வாயால சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. யார் இது?"

ஐயோ, அந்த ஆளும் பயந்துபோய்த்தான் இருக்கார்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. அது இன்னும் மோசம். பயந்தவன் நம்மளைக் காப்பாத்த மாட்டான்.

அதிகாரி பேப்பரை எடுத்துச் சக்கரவர்த்தி வசனத்தைப் படிக்க ஆரம்பிச்சார். "நான் கை நீட்டினேனா? இல்லையே..."

"அப்புறம் எதுக்கு இந்த நடுக்கம்?"னு என் வாய் தானா முடிச்சுது.

அதிகாரி நிமிர்ந்தார். "தொடர் பார்ப்பீங்களோ?"

"ஒரு நாளும் பார்த்ததில்லைங்க. அது இவர்தாங்க. எங்க வீட்டில இவர் பேசறது." சொல்லும்போது ஆபீசுக்குப் பயந்தேனா, பக்கத்தில உட்கார்ந்திருந்தவருக்குப் பயந்தேனான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது.

"ஏய், என்ன உளர்றே?"ன்னு இவர் சீறினார்.

அதிகாரி கையைக் காட்டி அவரை அடக்கினார். பேப்பரை நான் பார்க்க முடியாதபடி தன் பக்கமாத் திருப்பி வச்சுக்கிட்டு, அடுத்த வரியைப் பாதி மட்டும் படிச்சார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்..."

"என்னை விட்டா உங்களுக்கு யார் இருக்கா?"ன்னு மீதியை நான் சொன்னேன்.

"அழறதுன்னா..."

"அழுது முடிச்சுட்டு வா. நான் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்."

"நான் கேக்கும்போது பதில் சொல்லணும்..."

"கேக்காதப்போ வாயே திறக்கக்கூடாது."

டைப்பிஸ்ட் பொண்ணு தட்டறதை நிறுத்திட்டா. அதிகாரி ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் பார்த்தார். ஒரு வார்த்தைகூடப் பிசகலை. இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி இருந்துச்சு, அவர் படிக்கலை. ஃபைலை மூடிட்டு, "குடும்பத் தலைவராகிய வசனகர்த்தாவையே குறிக்கிறதுன்னு போட்டுக்கோம்மா"ன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னார். எங்களைப் பார்த்து, "போங்க"ன்னார்.

தப்பிச்சோம். ஆனா பஸ்ஸில அவர் என்னைத் திட்டலை. கத்தியிருந்தாக்கூட எனக்குத் தெம்பா இருந்திருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, உதட்டை அசைச்சு எதையோ தனக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தார்.

மகள் கதவைத் திறந்தா. அப்பாவை முழுசாப் பார்த்ததும் "விட்டுட்டாங்களாப்பா?"ன்னு அழுதுட்டா. பாவம், காலேஜுக்குக்கூடப் போகாம உட்கார்ந்திருக்கா.

இவர் வாசல்லயே நின்னார். "அந்தச் சக்கரவர்த்தி நான்தான்னு உங்கம்மா சொல்லிட்டா. அப்படியா? நான் அப்படியா பேசறேன்?"

அவ அவரைப் பார்க்கலை. என் முகத்தைப் பார்த்தா.

"அவளை என்ன பார்க்கறே? என்னைப் பாரு. பயப்படாம சொல்லு."

"ஐயோ, இல்லவே இல்லப்பா"ன்னு அவ சொன்னா. அவர் வாயை மூடறதுக்குள்ள சொல்லிட்டா.

எந்தக் குரல் பயந்து பேசுது, எது நிஜமாப் பேசுதுன்னு பிரிச்சு எழுதறதுதான் இருபது வருஷமா அவர் தொழில். செருப்பைக்கூடக் கழட்டாம அங்கேயே படியில உட்கார்ந்துட்டார்.