ஞாயித்துக்கெழம மேட்சுக்கு இன்னிக்கே பஸ்ல பஞ்சாயத்து

சாயங்காலம் சிதம்பரத்துலேர்ந்து கடலூர் பஸ்ல வந்துட்டிருந்தேன். ஞாயித்துக்கெழம நம்ம டீம் சிதம்பரத்துல போய் ஆடற கப் மேட்சுக்குக் கூட வந்து கத்த ஆள் சேக்கணும்னு, ஏறுனதுலேர்ந்து போன்லயே இருந்தேன்.

போனை வச்சதும் பக்கத்து சீட்ல இருந்தவர், "ஃபுட்பாலா தம்பி?"ன்னு கேட்டார். அம்பது வயசு இருக்கும்.

அவ்ளோதான். போன வருஷம் இதே சிதம்பரத்துல, கடைசி நிமிஷத்துல நாங்க போட்ட கோல ஆஃப்சைடுன்னு சொல்லி எங்கள வீட்டுக்கு அனுப்புன கதைய ஆரம்பிச்சிட்டேன்.

"அந்த ரெஃப்ரிக்குக் கண்ணே தெரியாது சார். இந்த வாட்டியும் அந்தாளுதான் வரானாம்."

அவர் என் பக்கம் திரும்பி, "அந்த ரெஃப்ரி நான்தான் தம்பி"ன்னார்.

தூரத்துலேர்ந்து பாத்த ஆளு, சாதா சட்டைல எனக்கு அடையாளமே தெரியல. அடுத்த ஸ்டாப்லயே எறங்கிடலாமான்னு இருந்துச்சு.

அவரே பேசுனார். "வீட்டுக்குப் போயி வீடியோவ பத்து வாட்டியாச்சும் பாத்திருப்பேன். அது கோல்தான். என் தப்பு. உங்க ஊர்க்காரங்க யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்தேன்."

ஒரு வருஷக் கோவம் எங்க போச்சுன்னே தெரியல. "பரவால்ல சார், நீங்க நின்ன எடத்துலேர்ந்து பாத்தா அப்டித்தான் தெரிஞ்சிருக்கும்"னு நானே சமாதானம் சொல்லிட்டிருக்கேன்.

புதுச்சத்திரத்துல எறங்கறப்ப சிரிச்சிக்கிட்டே சொன்னார்: "அதுக்காக ஞாயித்துக்கெழம ஒரு கோல் சும்மா குடுப்பேன்னு நெனைக்காதீங்க."

நம்ம வேன்ல இன்னும் மூணு சீட் காலி. தொண்டை கிழியக் கத்த நான் ரெடி. ஆனா ரெஃப்ரிய மட்டும் இனிமே என்னால திட்ட முடியாது. அந்த வேலைக்கு யாராச்சும் வரீங்களா?