வாஷிங் மெஷின் குழாயில் அளந்த குடிநீர்

எங்கள் ஏரியா மேனேஜர் தெரிந்தே பொய் சொன்னார். பதினோரு வருடம் அவருக்குக் கீழே வாட்டர் ஃபில்டர் மாட்டியவன் நான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நம் சென்னையின் பழைய ஃபிளாட்டுகள் பலவற்றில் இரண்டு லைன் உண்டு. சமையலறையில் மெட்ரோ தண்ணீர். பாத்ரூம், வாஷிங் மெஷின் பக்கம் போர்வெல்லின் உப்புத் தண்ணீர். மேனேஜர் டெமோவுக்குப் போனால் வாஷிங் மெஷின் குழாயில்தான் டம்ளரைப் பிடிப்பார். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஆயிரத்தைத் தாண்டும். வீட்டுக்காரர்கள் பயந்துபோய் உப்பை நீக்கும் ஆர்.ஓ. ஃபில்டரை வாங்கிவிடுவார்கள்.

கோட்டூர்புரத்தில் நஸ்ரின் என்பவர் வீட்டில் ஆர்.ஓ. மாட்டப் போனேன். ஏழு மாதக் கர்ப்பிணி. அழுது கண் வீங்கியிருந்தது.

“உங்க சார் ஆயிரத்து நானூறுன்னு காட்டி, ‘இதையா இத்தினி மாசமா குடிச்சீங்க?’ன்னு கேட்டாருண்ணே. குழந்தைக்கு ஏதாவது ஆயிருக்குமா? ரெண்டு நாளா தூக்கமே இல்ல.”

டிரில்லைக் கீழே வைத்தேன். “எந்தக் குழாய்ல புடிச்சாரும்மா?”

வாஷிங் மெஷினைக் காட்டினார்.

“நீங்க குடிக்கிறது?”

“கிச்சன்ல புடிச்சு, காய்ச்சித்தான்.”

கிச்சன் தண்ணீரில் மீட்டரை விட்டு அவரிடமே நீட்டினேன். இருநூற்றுப் பத்து.

“அது துணி துவைக்கிற போர் தண்ணிம்மா. நீங்க குடிச்சதுல உப்பு கம்மி. காய்ச்சினதால கிருமி பயமும் இல்ல. ஆர்.ஓ.வே வேணாம்.”

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அழுதுகொண்டே சிரித்தார். “உங்க சாருக்கு அந்தத் தண்ணில டீ போட்டுக் குடுத்திருக்கணும்ணே!”

அங்கிருந்தே மேனேஜருக்குப் போன் போட்டு, இந்த வீட்டுக்கு ஆர்.ஓ. வேண்டாம் என்று சொல்லிவிட்டதைச் சொன்னேன்.

“இன்னாய்யா, சம்பளம் இங்க வாங்கிக்கினு நியாயம் அங்க பேசுறியா?”

“பெட்டிய திருப்பி எடுத்தாரேன் சார். பொய்க்கு வேற ஆளப் பாத்துக்கோ.”

வேலை போனது. அன்று மத்தியானம் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினேன். இரண்டு மாதம் கழித்து நஸ்ரினே போன் செய்தார்: பெண் குழந்தை, இருவரும் நலம்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, குடிக்கிற குழாயில் அளந்துவிட்டுப் பேசுங்கள். உப்பு அதிகமென்றால் ஆர்.ஓ. குறைவென்றால் கிருமியைக் கொல்லும் யூ.வி. ஃபில்டர் போதும். மீட்டருக்குக் கிருமி தெரியாது. கிருமி இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீரை லேபில் கொடுங்கள்.

மேனேஜர் சார், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபிளாட் சங்கங்களில் சுத்தமான தண்ணீர் பற்றிப் பேசுகிறீர்களாம். எத்தனை கர்ப்பிணிகளைத் தெரிந்தே அழவைத்தீர்கள் என்று அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள். எத்தனை வீட்டில் வாயை மூடிக்கொண்டு மாட்டினேன் என்று, பக்கத்தில் நின்று நானும் சொல்கிறேன்.