விபூதிப் புதனுக்கு முன் ஒரு கடிதம்

வியாழன் காலை ஆறரை மணிக்குக் கொள்ளேகாலில் மோட்டார் வண்டி ஏறினேன். மைசூருக்கு ஏறக்குறைய நாற்பது மைல். வண்டிச் சத்தம் பதினாலு அணா. யுத்த காலமாதலால் பெட்ரோல் கிடையாது. வண்டி கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகிறது. என் சட்டைப்பையில், மைசூர் மேற்றிராணியாருக்கு, அதாவது பிஷப்புக்கு, எங்கள் பங்குச் சாமியார் எழுதிய கடிதம் இருந்தது.

வரும் திங்களன்று என் மகள் லூர்துக்கும் என் அக்காள் மகனுக்கும் கல்யாணம். அடுத்து விபூதிப் புதன். அன்று தவக்காலம் தொடங்கிவிட்டால், ஆண்டவர் உயிர்த்த பாஸ்காத் திருநாள் வரை தாலி கட்ட முடியாது. அக்காளோ படுத்த படுக்கை. பாஸ்கா வரை தாங்கமாட்டாள் என்று வைத்தியர் கைவிரித்துவிட்டார்.

நமக்கு அக்காள் மகன் உரிமைப் பையன். திருச்சபைக்கு அது இரத்த உறவுத் தடை. மேற்றிராணியார் விலக்குக் கொடுக்கவேண்டும். மனு எழுதியவன் நான்தான். ஊரில் யார் மனுவானாலும் என் பேனாதான் என்ற மிதப்பு வேறு! 'மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் மகள்' என்று முத்து முத்தாக எழுதினேன், விலக்கும் வந்தது. பிறகுதான் சாமியார் பழைய பதிவேட்டைப் புரட்டினார். எங்களுடையது பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். என் மனைவி அக்காள் புருஷனின் தங்கை. ஆக, உறவு இரண்டு வழி. நான் எழுதியது ஒரு வழி. எப்படிப் பார்த்தாலும் முறைதானே என்று விட்டிருந்தேன். அந்த விலக்கு செல்லாது, தபாலை நம்பாதே, நீயே போ என்றார் சாமியார்.

நரசீபுரம் தாண்டியதும் வண்டி நின்றது. டிரைவர் இறங்கி அடுப்பைக் கிளறினார்.

"இன்னும் எத்தன நேரமுங்க?"

"கரி ஈரம் சாமி. அவசரப்பட்டா ஆகாது. சொல்ப குந்துங்க."

கன்னடத்தில் சொல்ப என்றால் கொஞ்சம். ஒரு மணி நேரம் குந்தினேன்.

பகல் பன்னிரண்டுக்கு மேற்றிராணியார் இல்லம். முன்னறையில் உட்கார வைத்தார்கள்; உள்ளே கதவு திறந்தே இருந்தது. வெண்தாடி வைத்த பிரெஞ்சுக்கார மேற்றிராணியாருக்குக் காரியதரிசி சாமியார் அன்றைய தபாலை வாசித்துக்கொண்டிருந்தார். ஏதோ ராஜாங்க விவகாரமாயிருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் ஒரு பங்கில் கோவில் மணி விரிசல் விட்டுவிட்டது. குடகில் காப்பித் தோட்டத்தாருக்குப் பூசை வைக்க ஆள் இல்லை. யுத்தத்துக்குப் போன மகனிடமிருந்து கடிதம் இல்லை, விசாரிக்க முடியுமா என்று ஒரு தாய் கேட்டிருந்தாள். அவளுக்குப் பதில் எழுத மட்டும் மேற்றிராணியார் தாமே பேனாவை எடுத்தார்.

என் முறை வந்தது. முழந்தாளிட்டு மோதிரத்தை முத்தமிட்டு, சாமியாரின் கடிதத்தை நீட்டினேன்.

"முதல் மனுவை எழுதினது யார்?" என்று பிரசங்கத் தமிழில் கேட்டார்.

"நானுங்க ஆண்டவரே. தப்பு என்னுதுங்க."

"எழுத்து அழகாயிருக்கிறது."

நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

"நோயாய்க் கிடக்கும் மாப்பிள்ளையின் தாய் கோவிலுக்கு வரக்கூடுமோ?"

"எந்திரிச்சு உக்காரவே முடியாதுங்க. கல்யாணம் முடிஞ்சு புள்ளைங்க போயிக் கால்ல உழுந்தாப் போதுமுங்க."

அக்காளின் பெயர் கேட்டார். சவேரியம்மாள் என்றேன். நெடுநேரம் எழுதி, அரக்கு முத்திரை வைத்து, பங்குச் சாமியாரிடம் கொடுக்கச் சொன்னார்.

அரண்மனையைப் பார்க்காமலே இரண்டு மணி வண்டியைப் பிடித்தேன். மைசூர் போய் என்ன பார்த்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் மேற்றிராணியாரின் மேஜை என்றுதான் சொல்லவேண்டியிருந்தது.

பொழுது சாயும் வேளையில் சாமியார் உறையைப் பிரித்தார். இரண்டு வழி உறவுக்கும் விலக்கு இருந்தது. கீழே இன்னொரு பத்தி. அதை இரண்டு தடவை வாசித்தார்: சவேரியம்மாள் கோவிலுக்கு வர இயலாமையால், அவள் கட்டிலருகிலேயே கல்யாணத்தை நடத்தலாம்.

அப்படிக் கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது.

திங்களன்று தட்டில் வந்த தாலியை முதலில் தொட்டது அக்காளின் கைதான். இப்போதெல்லாம் யாராவது மனு எழுத வந்தால், பேனாவைத் திறக்குமுன் வீட்டில் யாருக்கு என்ன முடியவில்லை என்று கேட்கிறேன்.