முதற்பெயர்: ஊ

ரங்கூனில் எங்கள் தெருவில் வெளிநாடு போக நினைக்கிற எவரும் முதலில் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போவதில்லை. என் வீட்டுக்குத்தான் வருவார்கள். துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவன் நான். குடும்பப் பட்டியலின் நகலில் யார் கையெழுத்துப் போட வேண்டும், வார்டு அலுவலகத்தின் சிபாரிசுக் கடிதம் எத்தனை நாள் செல்லும், நாட்டைவிட்டு வெளியேறுவதற்கான டி ஃபார்மை எந்தச் சன்னலில் எத்தனை மணிக்குள் நீட்ட வேண்டும், ஊர் திரும்பியதும் பாஸ்போர்ட்டை எங்கே ஒப்படைக்க வேண்டும், எல்லாம் எனக்கு மனப்பாடம். பர்மாக்காரர்கள் என்னை ஸயாஜீ, அதாவது பெரிய வாத்தியார், என்பார்கள். அவர்களைப் பார்த்துத் தமிழர்களும் அப்படியே கூப்பிடுவார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான் ஒருமுறைகூட நாட்டைவிட்டு வெளியே போனதில்லை. உத்தியோகத்தில் இருந்தபோது துறையின் அனுமதி வேண்டும். ஒருமுறை சிங்கப்பூரில் நடந்த ஒரு பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். இவ்வளவு சுத்தமாக எழுதுகிற ஆள் இல்லாமல் அலுவலகம் எப்படி நடக்கும் என்று சொல்லி, எழுத்துப் பிழைகள் நிறைந்த விண்ணப்பம் கொடுத்திருந்த ஒருவரை அனுப்பினார்கள். ஓய்வு பெற்ற பிறகு யார் அனுமதியும் தேவைப்படவில்லை. ஆனால் யாராவது கூப்பிட வேண்டுமே.

என் நண்பனைக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நானும் அவனும் ஒரே பெஞ்சு. பபேடான் பகுதியில் பூட்டுக் கடை வைத்திருந்தான். அவன் வாப்பா காலத்திலிருந்து நடக்கிற கடை. ஆங்கிலத்தில் காலாண்டிலும் அரையாண்டிலும் தோற்று, முழுப் பரீட்சையில் என் விடைத்தாளைப் பார்த்து எழுதித் தேறியவன். இந்தச் செய்தியை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

பெரிய புயல் அடித்துப்போன மறுவருடம், ஒரு காலையில் அவன் விசா ஃபார்ம்களோடு வந்து என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். மகன் மராக்கேஷில் மூன்று மாதம் இருக்கப்போகிறானாம், வாப்பாவை ஒரு மாதம் வந்து இருக்கச் சொல்கிறானாம்.

"மராக்கேஷ் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குடா தெரிஞ்சுக்கணும்? ப்ளேன் ஓட்டறவனுக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

மகன் சிங்கப்பூர் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். சிங்கப்பூர் கம்பெனிக்காரன் மொராக்கோவில் என்ன செய்கிறான் என்று விசாரித்தேன்.

"மொட்டை மாடியில உக்காந்து வேலை பாக்கறானாம். ஆபீஸே வேண்டாமாம். எந்த ஊர்ல இருந்தா என்ன, வேலை முடிஞ்சாச் சரின்னு விட்டுடறாங்களாம்."

"கையெழுத்து எங்க போடறான்?"

"எதுல?"

"வருகைப் பதிவேட்டுல."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, என்ன விஷயம் என்று தெரியாமலே தானும் சிரித்தாள். காலை ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாக நான் போட்ட கையெழுத்துகள் அத்தனையும் வரிசையாக நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்ததுபோல எனக்குப் பட்டது.

ஃபார்மைத் தானே எழுதுவதாகச் சொன்னான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதுமாம். குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம், முதற்பெயருக்கு ஒரு கட்டம். எங்கள் நாட்டில் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. வீட்டில் அவனுக்கு ஒரு முஸ்லிம் பெயர். அரசாங்கத் தாள்களில் இரண்டு அசையில் ஒரு பர்மியப் பெயர். பாஸ்போர்ட்டில் அந்த இரண்டு அசைதான் இருந்தது. இதற்கு வழி உண்டு. பெயரை இரண்டாக வெட்டிக் கட்டத்துக்கு ஒன்றாகப் போட வேண்டும். எத்தனையோ பேருக்கு நான் வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அவன் முழுப்பெயரையும் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டு அடுத்ததைப் பார்த்து விழித்தான்.

"இது காலியாக் கெடக்குதேடா. ஊ போட்டுடவா? மரியாதையாவும் இருக்கும்."

பர்மிய மொழியில் வயது வந்த ஆண்களின் பெயருக்கு முன்னால் ஊ என்று சேர்ப்பார்கள். நம்முடைய திரு மாதிரி. சொல்லுக்கு நேரான அர்த்தம் மாமா, சித்தப்பா. அது பெயரில்லை. பாஸ்போர்ட்டில் இல்லாத ஓர் எழுத்து விசாவிலும் டிக்கெட்டிலும் இருந்தால், ஏதாவதொரு விமான நிலையத்தில் ஏதாவதொரு அதிகாரி அவனை வரிசையிலிருந்து விலக்கி நிறுத்துவார். இது எனக்கு என் வீட்டு முகவரி தெரிந்த அளவுக்குத் தெரியும்.

"போடு" என்றேன்.

போட்டான். அழகாக, பெரிய எழுத்தில்.

பாங்காக்கிலுள்ள மொராக்கோ தூதரகத்தில் விசா கொடுத்தவர்கள் ஃபார்மில் இருந்தபடியே கொடுத்துவிட்டார்கள். டிக்கெட்டும் அதே பெயரில் வந்தது. புறப்படுகிற அன்று விமான நிலையத்துக்கு நானும் போனேன். ரங்கூனில் அந்த எழுத்தை யாரும் ஒரு பொருட்டாகப் பார்க்கவில்லை. இங்கே ஊ இல்லாத கிழவன் உண்டா? கண்ணாடிக் கதவுக்கு முன்னால் அவன் என்னைக் கட்டிக்கொண்டான்.

"பேப்பரெல்லாம் சரியா இருக்குல்லடா?"

"சரியா இருக்கு. போ."

மூன்று நாள் தகவல் இல்லை. அவன் மனைவி காலையும் மாலையும் ஆள் அனுப்பினார். மூன்றாம் நாள் அவரே வந்துவிட்டார். "போயிச் சேந்திருப்பாருல்லண்ணே? நீங்கதானே எல்லாம் பாத்து அனுப்புனீங்க. அதான் எனக்கு ஒரு தைரியம்" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பாதி பயம். மீதிப் பாதியை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. திருப்பி அனுப்பப்பட்டு, பெட்டியோடு அவன் தெருமுனையில் வந்து இறங்குகிற காட்சியை நான் இரண்டு மூன்று தடவை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவை அவன் தலையில் மழையும் பெய்தது.

நான்காம் நாள் தொலைபேசி வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டான். நிம்மதியாக இருந்தது. நிம்மதி ஓர் அரை மணி நேரம் இருந்தது.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தவன், கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் தினமும் காலையில் உட்கார்ந்து மராக்கேஷைச் சொன்னான். நான்பியா ரொட்டி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் ஜனம் கேட்டது. எந்தப் பகுதியைக் கேட்டாலும் முதலில் காசாபிளாங்கா விமான நிலையத்தில்தான் ஆரம்பிப்பான்.

"ஒரு ரெண்டு மணி நேரம் உக்கார வச்சுட்டான். பாஸ்போர்ட்டத் தட்டித் தட்டி, இந்த ஊ யாரு, இந்த ஊ யாருங்கறான். அரைகுறை இங்கிலீசு அவனுக்கு. எனக்கு அதுவும் கெடையாது. ஊன்னா சித்தப்பாடா, எங்க ஊர்ல வயசான ஆம்பளை அத்தனை பேரும் எல்லாருக்கும் சித்தப்பாதான்னு கையக் கால ஆட்டிச் சொல்றேன், ஏறல. அப்பதான் மதரசாவுல படிச்சது ஞாபகம் வந்துச்சு. அம்மின்னேன். அரபியில அம்மின்னா என் சித்தப்பா. நம்ம வீட்டுல அரைக்கிற கல்லு. அவன் சிரிச்சுப்புட்டான். அப்புறம் அந்த ஆபீஸ்ல இருந்த அத்தனை பேரும் அம்மி, அம்மின்னு வந்து கையக் குடுக்கறான்."

அதோடு தெருவில் அவனுக்கு அம்மி பாய் என்று பெயரும் ஆயிற்று.

பிறகு ரயிலில் மராக்கேஷ். ஊர் முழுக்கச் செம்மண் நிறத்துச் சுவர்கள். இரண்டு பேர் எதிரெதிரே நடந்தால் தோள் இடிக்கிற சந்துகளில் மோட்டார் சைக்கிள்களும் கழுதை வண்டிகளும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு போகுமாம். பெரிய சதுக்கத்தில் ஆரஞ்சுச் சாறு வண்டிக்காரர்கள், தூரத்தில் போகிறவனைக்கூடச் சொந்தக்காரனைப்போல விரட்டிக் கூப்பிடுவார்களாம். புதினாத் தேநீரைத் தலைக்கு மேலே தூக்கி ஊற்றுவார்களாம். வழி காட்டுகிறேன் என்று வந்தவன், சுற்றிச் சுற்றி மூன்றாம் முறையும் தன் மச்சானின் கம்பளக் கடையிலேயே கொண்டுபோய் நிறுத்தினானாம். என் நண்பன் கம்பளத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தான். இரும்புக் குமிழ் அடித்த பழைய கதவும், முழங்கை நீளத்தில் ஒரு பூட்டும். கடைக்காரரும் அவனும் அதைக் கழற்றிப் பிரித்துப் போட்டு, பேச ஒரு பொது மொழியில்லாமலே மதியம்வரை உட்கார்ந்திருந்தார்களாம்.

"திரும்பி வர வழி தெரியல. எந்தச் சந்துல நுழைஞ்சாலும் சுவருதான். ஜம்முன்னு தொலைஞ்சு போயிட்டேன்" என்றான்.

தேநீரைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. சதுக்கத்தையும் சகித்துக்கொண்டேன். அவன் தொலைந்துபோனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அறுபத்திரண்டு வயதில் நான் ஓர் இடத்திலும் தொலைந்தது கிடையாது. தாமுவே போகிற பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு ஏறி, கண்ணை மூடிக்கொண்டே சரியான நிறுத்தத்தில் இறங்குவேன். ஆகவே என்னால் முடிந்ததைச் செய்தேன். திருத்தினேன். மராக்கேஷிலிருந்து தெரிகிற மலைக்கு அவன் தவறான பெயர் சொன்னபோது சரியான பெயரைச் சொன்னேன். ஒட்டகம் அந்த ஊருக்கு எந்தத் திசையிலிருந்து வந்தது என்றும் விளக்கினேன்.

"ஸயாஜீ, நீங்க எப்பப் போனீங்க?" என்று கேட்டார் டீக்கடைக்காரர். குத்தலாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வாரமே அவன் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, ரசீதைக் கொடுக்க அவன் வீட்டுக்குப் போனேன். அவன் கடையில் இருந்தான். அவன் மனைவி ரசீதை வாங்கிக்கொண்டு, தயங்கி நின்றார்.

"அண்ணே, உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. ஆனா அடுத்த தடவை போனா நீங்கதானே பாக்கணும். அது ரெண்டு மணி நேரம் இல்லண்ணே. காலையிலேந்து சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் ஒரு ரூம்ல வச்சிருந்தாங்களாம். அடுத்த ப்ளேன்ல திருப்பி அனுப்பறதாச் சொல்லிட்டாங்களாம். ப்ரெஷர் மாத்திரை பையில, பை எங்கேயோ. மயக்கம் போட்டு விழுந்துட்டாரு. மகன் வெளியில நின்னு எல்லார்கிட்டயும் கெஞ்சியிருக்கான். அப்புறந்தான் அந்தச் சித்தப்பா கதையெல்லாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லக் கூடாதாம்?"

"நீங்க வருத்தப்படுவீங்களாம்."

அங்கிருந்து நேராகப் பூட்டுக் கடைக்கு நடந்தேன். வாடிக்கையாளர் ஒருவருக்குச் சாவி பொருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவர் போகும்வரை நின்றேன்.

"ஊ போடுன்னு சொன்னப்ப, அது தப்புன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"எனக்கும் தெரியும்டா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அந்த ரூம்ல. வேற என்ன வேலை அங்க? யோசிச்சுப் பாத்தேன். காற்புள்ளியத் தப்பாப் போட்டா அன்னைக்குத் தூங்க மாட்டே நீ. உனக்கா ஃபார்ம் தெரியாது?" அரத்தை எடுத்து இன்னொரு சாவியை ராவ ஆரம்பித்தான். "முதல்ல ஆத்திரமாத்தான் இருந்துச்சு. கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். தமிழ்ல சொன்னேன், அவங்களுக்குப் புரியல. அப்புறம் ஒண்ணு தோணிச்சு. ஸ்கூல்லேந்து இந்த நாள் வரைக்கும் நீ எம்மேல பொறாமைப்பட எங்கிட்ட ஒண்ணுமே இருந்ததில்ல. இப்ப ஒண்ணு வந்திருக்கு. அது எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சுடா."

மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். நான் செய்த துரோகத்தையும் அவன் மராக்கேஷிலிருந்து வாங்கி வந்த சாமான்களோடு சேர்த்து வைத்துக்கொண்டுவிட்டான். அவ்வளவு தாராளமாக இருக்க எனக்கு வராது. அதிலும் எனக்குப் பொறாமை வந்தது என்று சொன்னால் நம்புவார்களோ என்னவோ, வந்தது.

மறுநாள் காலை டீக்கடையில் புதிதாக இரண்டு பேர் வந்து உட்கார்ந்து, விமான நிலையத்துக் கதையைக் கேட்டார்கள். அவன் என்னை ஒருமுறை பார்த்தான். எல்லோர் முன்னிலும் சொல்லப்போகிறான் என்று நினைத்து, நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அந்த ஊ இருக்குதே, அது என் யோசனை இல்ல" என்று ஆரம்பித்தான். "ஃபார்ம்ல ஒரு கட்டம் காலியாக் கெடந்துச்சு. இதோ உக்காந்திருக்காரே நம்ம ஸயாஜீ, இவருதான் போடுன்னாரு. இவரு மட்டும் போடச் சொல்லலைன்னா அந்த ஊர்ல என்னைய யாரு சித்தப்பான்னு கூப்பிட்டிருப்பா?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். டீக்கடைக்காரர் கேட்காமலே எனக்கு இன்னொரு டீ கொண்டுவந்து வைத்தார். இன்றுவரை எங்கள் தெருவில் கதை அப்படித்தான் சொல்லப்படுகிறது. வெளிநாடு போகிற ஒன்றிரண்டு பேர், எங்களுக்கும் ஊ போட்டுக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்ததும் உண்டு. அவர்களுக்குப் பெயரை இரண்டாக வெட்டிப் போட்டு அனுப்பிவைத்தேன். கதையை மட்டும் திருத்தவில்லை.