கும்பிட்டுவிட்டுப் போனவர்

எங்கள் நீதிபதி ஓய்வு பெறப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் நைனாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்போ நம்ம கேசை முடிச்சிட்டுதான் போவாரு. வேலையப் பாதில உட்டுட்டு எவனாச்சும் போவானா?" என்றார். அவர் மகள் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஊர் சிங்கவரத்தில் களை வெட்டப் போகிறவர்கள்கூட பிடித்த பாத்தியை முடிக்காமல் கரையேற மாட்டார்கள்.

கேஸ் எங்கள் கொல்லை நிலத்துக்காக. முழுக்கத் தனக்கே என்று பெரியப்பா மகன் கோர்ட்டுக்குப் போனான். ஒரு கோர்ட்டில் ஜெயித்தோம், அடுத்ததில் தோற்றோம், ஹைகோர்ட்டுக்குப் போனோம். தீர்ப்பு வரும்வரை யாரும் அந்த மண்ணில் மண்வெட்டி வைக்கக் கூடாது என்று தடை. நிலக்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, விளைந்த நிலத்தில் முள் மண்டியது. நைனா அடுத்தவன் நிலத்துக்குக் கூலிக்குப் போனார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். ஆனால் அம்மாவை அந்தக் கொல்லையில், வேப்பமரத்தடியில்தான் புதைத்திருந்தோம். பக்கத்தில் தனக்கென்று இடம் விட்டு வைத்திருந்தார். நெஞ்சுவலி மாத்திரையோடு அலைந்த மனுஷனுக்கு வேண்டியதெல்லாம் அந்த இடம்தான்.

இரண்டு பக்கமும் பேசிக் கேட்டாகிவிட்டது. தீர்ப்பைப் பிறகு சொல்கிறேன் என்று நீதிபதி தள்ளிவைத்து மாதக்கணக்காகியிருந்தது. அவருடைய கடைசி நாளன்று விடியும் முன்பே செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். நைனா இஸ்திரி வேட்டி கட்டியிருந்தார்.

ஹைகோர்ட்டுக்குப் போனால் அவருக்குப் பாராட்டு விழா. உள்ளே இடமில்லை, வராந்தாவில் நின்றோம். எத்தனை தீர்ப்புகள், எவ்வளவு பொறுமை என்று மைக்கில் ஒவ்வொருவராகப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வக்கீலின் குமாஸ்தா எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். எதற்கு வந்தீர்கள் என்றார். சொன்னோம். அவர் முகம் சுருங்கிப்போனது. நீதிபதி தீர்ப்பு சொல்லாமல் போய்விட்டால் அவர் கேட்டது கேட்காதது மாதிரிதான், வேறு நீதிபதியிடம் முதலிலிருந்து பேச வேண்டும் என்றார். நான் சத்தம் போட்டேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும். மைக்கில் புகழ்ந்தவர்களில் ஒருவராவது எங்கள் கேஸ் என்ன ஆச்சு என்று கேட்டிருக்கலாம்.

நைனா குமாஸ்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதிக்கூட தர வேணாம் சார். அவரு மனசுல யாரு பக்கம் இருந்துச்சுன்னு மட்டும் கேட்டுச் சொல்றியா?"

அதெல்லாம் கேட்கக் கூடாது பெரியவரே என்று குமாஸ்தா கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

நீதிபதி மாலையோடு வெளியே வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். காரில் ஏறும் முன் சுற்றி நின்ற எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுச் சிரித்தார். நைனாவும் கும்பிட்டார்.

திரும்பும்போது பஸ் திண்டிவனம் தாண்டியது. அப்புறம், "என்னப் பாத்து சிரிச்சாரு பாத்தியா. நமக்குதான் சொல்லியிருப்பாரு" என்றார். ஆமாம் நைனா என்றேன்.

அடுத்த மழைக்கு அவர் இல்லை. பாடையைக் கொல்லைப் பக்கம் திருப்பினோம். பெரியப்பா மகன் போலீசோடு வரப்பில் நின்றான். தடை அமலில் இருக்கிறதம்மா என்றார் ஏட்டு. அது உண்மைதான். ஊர்ச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போய், யார் யாரோ கிடக்கிற வரிசையில் நைனாவைப் புதைத்தோம்.

இப்போது கேஸில் அவர் பெயர் இருந்த இடத்தில் என் பெயர். புது நீதிபதி முன்னால் வக்கீல் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். இனி எதற்கு, விட்டுத்தொலை என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். விடமாட்டேன். ஜெயித்தால் நைனாவைத் தோண்டி எடுத்துவந்து அம்மா பக்கத்தில் வைப்பேன்.