இருபத்துநான்கு சேலைகளும் என் சமூக உளவியலும்

ஜவுளிக்கடைச் சிப்பந்தியின் தொழில் துணி விற்பது என்று படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சமுதாய நலன் கருதி இந்தப் பிழையைத் திருத்தவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அவனுடைய தொழில் துணி மடிப்பது. விரித்ததை மடிப்பதற்கும் மடித்ததை மறுபடி விரிப்பதற்கும் நடுவே, எப்போதாவது தவறுதலாக ஒன்று விற்றுப்போகும். கவுண்டருக்கு உள்பக்கம் நின்று கால் கடுத்தவர்கள் அத்தனை பேரும் இதற்குச் சாட்சி. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வெளிப்பக்கம் நின்றவர்கள் படிப்பதிலும் ஆட்சேபம் இல்லை. அவர்கள் வழக்கம்போல எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “பிறகு வாறேன்” என்று போய்விடலாம்.

தொண்ணூறுகளின் நடுவில், கேரள எல்லையிலுள்ள பாறசாலையில் தங்கப்பன் முதலாளியின் கடையில், சேலைப் பிரிவில் இருந்தேன். கூடவே அஞ்சல்வழியில் உளவியல் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். சமூக உளவியல் என்ற ஒரு தாள் மட்டும் பாக்கி. தேர்வு மதுரையில், மே மாதத்தில். மே மாதம் கல்யாண மாதம் என்பதால் முந்தைய ஆண்டு லீவு கிடைக்காமல் தேர்வைக் கோட்டை விட்டிருந்தேன். இந்த ஆண்டும் விட்டால் பதிவு காலாவதியாகும். எல்லாத் தாளையும் முதலிலிருந்து எழுதவேண்டும். ஆகவே பிப்ரவரியிலேயே போய் லீவு கேட்டேன்.

முதலாளி அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினார். அங்கே இருபத்துநான்கு சேலைகள் இருந்தன. அவரே சேலத்துக்குப் போய்த் தேர்ந்தெடுத்து வந்தவை. எல்லாம் ஒரே நிறம். அந்த நிறத்துக்குத் தமிழிலும் பெயர் இல்லை, மலையாளத்திலும் இல்லை. முற்றிய கத்தரிக்காய் பால் விடாத கட்டன்சாயாவில் விழுந்து எழுந்தால் ஏறக்குறைய அப்படி இருக்கும். ஓணமும் கிறிஸ்துமஸும் வந்து போன பிறகும் ஒன்றுகூட அசையவில்லை.

“மனசு படிக்கியவனாக்கும் நீ,” என்றார் முதலாளி. “அந்த இருபத்துநாலும் போகட்டு, நீயும் போ.”

எட்டுப் பேரும் ஒருத்தியும்

பாடப்புத்தகத்தில் கூட்டத்தோடு ஒத்துப்போதல் என்று ஒரு அத்தியாயம் உண்டு. பெரும்பாலோர் ஒன்றைச் சொன்னால், தன் கண் வேறு மாதிரி சொன்னாலும் மனிதன் பெரும்பாலோர் பக்கம் சாய்வான். பக்கத்து ஊரான கொல்லயிலிலிருந்து கல்யாணத்துக்குத் துணி எடுக்க ஒன்பது பெண்கள் வந்த அன்று இதைப் பரீட்சித்தேன். ஓரமாக நின்ற ஒரு அக்கா கீழ்த்தட்டுச் சேலையைத் தடவிப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்றார். எட்டு மாதத்தில் முதல் நல்ல வார்த்தை. ஆனந்தத்தில் எனக்குக் கணக்கு மறந்துவிட்டது. ஒருத்தி விழுந்தால் எட்டுப் பேரும் விழுவார்கள் என்று நினைத்து, “பாருங்க, இந்த அக்காவுக்குப் பிடிச்சுப்போச்சு!” என்று உரக்க அறிவித்தேன்.

எட்டுத் தலைகள் திரும்பின. “ஐயே!” என்றது முதல் தலை. “கருகின சேம்புபோல உண்டு,” என்றது இரண்டாவது. மூன்று முதல் எட்டு வரை அதையே, அதே முகச்சுளிப்போடு, வரிசையாகச் சொன்னார்கள். அத்தியாயம் ஒரு எழுத்துப் பிசகாமல் நிரூபணமானது, எனக்கு எதிராக. சுடுசட்டியைத் தொட்டவர்போல அந்த அக்கா சேலையைக் கீழே போட்டார். மடிக்கும்போது, “உண்மையிலேயே பிடிக்கலையா அக்கா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“எனக்குப் பிடிச்சுதான் மக்கா கெடந்துது. எட்டுப் பேரு சொன்ன பொறவு எனக்க கண்ணு என்னத்துக்கு?”

சின்னதில் தொடங்குதல்

ஒருவரிடம் பெரிய காரியம் ஆகவேண்டுமென்றால் முதலில் ஒரு சின்னக் காரியத்துக்குச் சம்மதிக்க வைக்கவேண்டும். ஒரு முறை ‘சரி’ என்ற வாய்க்கு அடுத்த ‘சரி’ சுலபமாக வரும். காட்டாக்கடை பஸ்ஸுக்காகக் கடை வாசலில் நிழலுக்கு ஒதுங்கிய ஒரு பெரியவரைத் தேர்ந்தெடுத்தேன். “உள்ளே வந்து இருங்க மாமா” என்றேன். சரி என்றார். “கொஞ்சம் வெள்ளம் குடிக்கீங்களா?” சரி. “வாங்கவே வேண்டாம், மாமிக்கு ஒரு சேலை சும்மா பாருங்க.” அதற்கும் சரி. நான் நான்காவது படியில் கால் வைப்பதற்குள் அவர், “மக்கா, இந்தப் பையை ஒரு நிமிஷம் பாத்துக்கிடு,” என்றார்.

சரி என்றேன். சந்தைக்குப் போனவர் ஒரு பலாப்பழத்தோடு வந்தார், “இதுவும் அங்ஙன கெடக்கட்டு.” சரி. அடுத்த நடையில் கால் கட்டிய இரண்டு கோழிகள் வந்தன. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், ‘சரி’தான் வந்தது. அதுவரை அந்த அத்தியாயத்தை வெளியிலிருந்து படித்திருந்தேன். அன்றுதான் உள்ளேயிருந்து படித்தேன். மாலையில் பலாப்பழத்தைத் தோளில் வைத்துக் கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றியவனும் நானே. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பெரியவர் என்னை வாழ்த்தினார்.

“நல்ல பிள்ளையாக்கும். அடுத்த வாரமும் வாறேன், ஒரு ஆட்டுக்குட்டி வாங்கணும்.”

தன் தேர்வைத் தானே போற்றுதல்

தானே தேர்ந்தெடுத்த ஒன்று மோசமாகப் போனால், மனிதன் தேர்வைக் குறை சொல்லமாட்டான். அந்தப் பொருளை இன்னும் அதிகமாகப் புகழ்வான். மனதுக்கு அதுதான் மருந்து. எங்கள் முதலாளி இதற்கு நடமாடும் சான்று. ஒரு மாதம் விற்காதபோது அதை ‘நல்ல நிறம்’ என்றார். மூன்று மாதத்தில் ‘ராஜ நிறம்’ ஆயிற்று. மார்ச்சில், இந்த நிறத்தைப் புரிந்துகொள்ள இந்த வட்டாரத்துக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். உறவினர் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க அவர் மனைவியே கடைக்கு வந்த நாளில், “இவளுக்கு அதைக் காட்டுலே” என்று பெருமையோடு சொன்னார். காட்டினேன். அந்த அம்மா சேலையைப் பார்த்தார், கல்லாவில் இருந்த கணவரைப் பார்த்தார், பிறகு என்னிடம் சொன்னார்:

“அவரைக் கட்டினது போதும் மக்கா. அவரு எடுத்த சேலையையும் நான் கட்டணுமாக்கும்?”

அவசரம்

சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று தெரிந்தால் எந்தப் பொருளுக்கும் மதிப்புக் கூடும். ‘அருமை’ என்ற சொல்லுக்கே கிடைப்பதற்கு அரிது என்பதுதானே பொருள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருபத்துமூன்றை ஒளித்துவைத்தேன். நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த, மலையாளம் மட்டுமே பேசும் ஒரு டீச்சரிடம் மிச்சம் ஒன்றைக் காட்டி, “சேச்சி, அவசரம்! சாயங்காலம் வரைதான்,” என்றேன். டீச்சர் முகம் மலர்ந்தது. ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். அந்தச் சேலையை ஒதுக்கிவிட்டு, மேல்தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. பொறுக்கமுடியாமல், “சேச்சி, அவசரம்,” என்று நினைவூட்டினேன். நன்றியோடு தலையாட்டி அடுத்த தட்டைக் காட்டினார். நான் அவசரம் அவசரம் என்று பரிதவிக்க, அவர் இன்னும் சாவகாசமானார். தமிழில் விரைவைக் குறிக்கும் அந்தச் சொல் மலையாளத்தில் வாய்ப்பைக் குறிக்கும். சொல் ஆராய்ச்சியில் எனக்கிருந்த கர்வத்துக்கு இது கடைசித் தட்டு காலியாகும்போதுதான் உறைத்தது. கடையிலிருந்த அத்தனை சேலைகளும் தரையில் கிடந்தன. டீச்சர் ஒரு கைக்குட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

“இத்தனை அவசரம் வேறொரு கடையிலும் கிட்டியிட்டில்ல சாரே.”

இதைக் கேட்டு, என்னோடு கவுண்டரில் நிற்கும் லில்லி அக்கா சிரித்த சிரிப்பில் முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். லில்லி அக்கா கடற்கரைக்காரி. மீன்கார வீட்டில் பிறந்த குரல். கடலிரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியது. கீழே கிடந்ததைப் பாதி அவர்தான் மடித்துத் தந்தார். “புரொபசரே, பரீட்சைக்கு அந்த புஸ்தகத்தப் படியும். கடையில அதத் தொறக்காதேயும்.”

யூனிஃபார்ம்

தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. சேலைகள் இருபத்துநான்கும் இருந்தன. படித்த அத்தியாயங்கள் தீர்ந்துவிட்டன. அன்று காலை லில்லி அக்காவின் ஊரிலிருந்து, பங்குக் கோயில் பாடகர் குழுப் பெண்கள் நான்கு பேர் வந்தார்கள். திருவிழாவுக்குக் குழு முழுவதும் ஒரே சேலையில் நிற்பது அங்கே வழக்கம். “எத்தனை பேரு அக்கா?” என்று கேட்டேன். தலைவி ஸ்டெல்லா அக்கா, “இருபத்துநாலு,” என்றார். என் கை தானாகக் கீழே போயிற்று. ஆனாலும் பட்ட அனுபவத்தால் கீழ்த்தட்டைத் தொடவில்லை. பச்சையைக் காட்டினேன். அது யாரோ கிரேஸிக்கு மட்டும் எடுப்பாக இருக்குமாம். மஞ்சள், யாரோ பிலோமினாவுக்கு மட்டும். சிக்கல் என்னவென்று ஸ்டெல்லா அக்காவே விளக்கினார்.

“போன வருஷம் ரோஸ் எடுத்தோம் மக்கா. நாலு பேருக்குச் சேர்ந்துது. மத்தவளுவ மூணு மாசம் பாட வரல்ல. அதுக்கு முந்தி நீலம். அதிலயும் சண்டை. இந்த வருஷமும் சண்டை வந்தா குழுவே இல்ல, பங்கு அச்சன் சொல்லியாச்சு.” பிறகு குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தார். “அது ஆருக்குச் சேரும்?”

நான் கொள்கை ஏதாவது அகப்படுமா என்று தேடுவதற்குள் லில்லி அக்காவின் குரல் எழுந்தது. “ஆருக்கும் சேராது ஸ்டெல்லாக்கா. மாசக்கணக்கா பாத்துட்டு நிக்கேன். ஒரு மனுஷிக்கும் சேராது.”

மதுரை ரயில் நான் இல்லாமல் புறப்படும் சத்தம் எனக்குக் கேட்டது.

ஸ்டெல்லா அக்கா ஒரு சேலையை எடுத்து முதல் பெண்ணின் தோளில் போட்டார். அந்த முகம் காய்ச்சலில் கிடந்து எழுந்த முகமாயிற்று. இரண்டாமவளுக்குப் போட்டார்; அதே காய்ச்சல். மூன்றாமவளுக்கும் அதே. கடைசியாகத் தன் தோளில் போட்டுக்கொண்டார். நான்கு பேரும் கண்ணாடி முன்னால் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி கிளுக்கென்றாள். அடுத்த நிமிடம் நான்கு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தன்னை அளப்பது பக்கத்தில் நிற்பவனை வைத்துத்தான் என்று என் புத்தகம் நாற்பது பக்கத்தில் சொல்லியிருந்தது. ஸ்டெல்லா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“இதாக்கும் சேலை! ஒருத்திய ஒருத்தி பாத்து வயிறெரிய ஒண்ணுமில்ல. இருபத்துநாலையும் பொதிஞ்சு கெட்டு மக்கா.”

மனிதர்களைப் பற்றிய கொள்கைகள் எல்லாமே உண்மைதான், அவை வேலை செய்ய நாம் பக்கத்தில் நிற்காமல் இருந்தால் போதும். மதுரைக்குப் போய்த் தேர்வெழுதி, தேறினேன். திரும்பி வந்த அன்று சேலைப் பிரிவு லில்லி அக்காவின் பொறுப்பில் இருந்தது. என்னை லுங்கிப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள்.