காற்றில் பருத்தி எடுத்த அத்தை

அத்தையின் கைகள் காற்றில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தன. பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனை, பெண்கள் வார்டு, நல்ல நண்பகல். ஜன்னல் வழியாக வந்த வெயில் கட்டில் கால்வரை நீண்டு கிடந்தது. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள். மல்லாந்து படுத்திருந்த அத்தை, விரல்களைக் குவித்து முகத்துக்கு மேலே எதையோ பிடுங்கிப் பிடுங்கி மடியில் போட்டாள். கை நிறைந்துவிட்டதுபோல் ஒருமுறை நிறுத்தி, மடியை அமுக்கிவிட்டு, மறுபடி எடுத்தாள். மடியில் ஒன்றுமில்லை. என்ன செய்கிறாள் என்று எனக்குப் பிடிபடவே சற்று நேரமானது. பருத்தி எடுக்கிறாள்.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. கணவர் இறந்தபின் அரும்பாவூரில் மூன்று ஏக்கர் காட்டை ஒற்றை ஆளாக நின்று பார்த்தவள். ஒரு வருஷம் பருத்தி, ஒரு வருஷம் மக்காச்சோளம். எழுபத்து மூன்று வயதிலும் கூலிக்கு ஆள் வராத நாளில் தானே இறங்கிப் பருத்தி எடுப்பாள். பேய், காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால், "செத்தவங்களுக்கு வேற வேலை இல்லியாக்கும்" என்று எழுந்து போய்விடுவாள். மாட்டுக் கொட்டகை ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோதுகூட அவள் அழவில்லை என்று அத்தை மகன் சொன்னார். பெண்கள் வார்டில் பெண்தான் துணைக்கு இருக்க வேண்டும் என்பதால், அரியலூரில் என் தையல் கடையைப் பூட்டிவிட்டு நான் வந்திருந்தேன்.

"அத்த, என்ன பண்ற?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிரே காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்தாள். அவள் கண்ணின் கருமணிகள் அத்தனை பெரிதாக இருந்து நான் கண்டதில்லை. "உங்கப்பா வந்து எம்மாம் நேரமா நிக்குது. உக்காரச் சொல்ல மாட்டியா?" என்றாள். வாய் உலர்ந்து போயிருந்ததால் சொற்கள் ஒட்டி ஒட்டி வந்தன.

அப்பா இறந்து எட்டு வருஷமாகிறது. என்ன செய்வதென்று தெரியாமல் அங்கிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து அந்தக் கட்டிலருகே போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தை திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு, "காலெல்லாம் சேறு. கழுவிட்டு வரக் கூடாதா அண்ண?" என்றாள்.

அப்பா வெங்காயக் காட்டில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தூக்கி வந்து போட்டபோது முழங்கால்வரை சேறு. அரும்பாவூரிலிருந்து அத்தை வந்து சேர்வதற்கு முன்பே குளிப்பாட்டி வேட்டி கட்டிவிட்டோம். அவள் அந்தச் சேற்றைப் பார்க்கவில்லை. பின்னால் யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த நண்பகலில் நான் அந்த ஸ்டூலின் கீழே தரையைக் குனிந்து பார்த்தேன்.

பக்கத்துக் கட்டில்காரம்மா தன் மகளிடம் இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். விவரம் கேட்டு அத்தை மகன் வார்டு வாசலுக்கு ஓடி வந்தார். "கொட்டாயில விழுந்தப்பவே ஏதோ புடிச்சிருக்கு. இங்க வச்சிருந்தா ஆவாது. டிஸ்சார்ஜ் வாங்கிட்டு ஊருக்குக் கொண்டு போயிடுவோம். மந்திரிக்க ஆள் சொல்லிட்டேன்" என்றார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அங்கே இருந்திருந்தால் யாருக்கும் பட்டிருக்கும்.

அத்தை எழுந்து காட்டுக்குப் போகப் பார்த்தாள். ஆபரேஷன் செய்த எலும்பு நகர்ந்துவிடுமே என்று இரண்டு பேர் பிடித்துக்கொண்டோம். உடம்பு அனலாய்க் கொதித்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. அடக்கிப் படுக்க வைக்க ஊசி போடச் சொல்லி டாக்டர் போனில் உத்தரவு கொடுத்திருந்தார். சிஸ்டர் ட்ரேயோடு வந்தார். நடுத்தர வயது, வரதராஜன்பேட்டைப் பக்கத்துக்காரர், கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. ஊசியை எடுத்தவர் போடவில்லை. அத்தையின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். அடிவயிற்றைத் தொட்டார். அது கல்லாக உப்பியிருந்தது. ஊசியை ட்ரேயில் திரும்ப வைத்தார்.

"வீட்டு மாத்திரை ஏதாச்சும் குடுக்குறீங்களா?"

"பிரஷர், சுகர். அதான் அட்மிஷன்லயே எழுதிக்கிட்டாங்களே" என்றார் அத்தை மகன் வாசலில் இருந்தே.

சிஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "கூட இருக்குறது நீங்கதானே. நெனச்சுச் சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

அத்தைக்குக் காலில் பல வருஷமாக அரிப்பு. மெடிக்கலில் வாங்கும் சின்ன மஞ்சள் மாத்திரை ஒன்றை இரவில் போட்டுக்கொண்டு தூங்குவாள். ஆபரேஷன் ஆன அன்றே, "தூக்கமே வரல, என் சுருக்குப் பையில இருக்கு, எடுத்துக் குடு" என்று கெஞ்சினாள். கொடுத்தேன். மறுநாள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்றுக்கு இரண்டாக. அரிப்பு மாத்திரையை மருந்து என்று நாங்கள் யாருமே நினைத்ததில்லை.

சொன்னேன். சிஸ்டர் சுருக்குப் பையை வாங்கி, அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு, வேகமாக நடந்து போய் போன் செய்தார். பத்து நிமிஷத்தில் டாக்டரே வந்துவிட்டார். வாந்திக்காக இங்கே போட்டுவந்த ஊசியும் அந்த மாத்திரையும் ஏறக்குறைய ஒரே வேலை செய்பவையாம். இரண்டும் சேர்ந்தால் வயதானவர்களுக்கு வாய் காயும், சிறுநீர் அடைக்கும், புத்தி தடுமாறும், இல்லாதது தெரியும் என்றார். "சிஸ்டர் கேக்காம அடக்குற ஊசியும் போட்டிருந்தா மூச்சுக்கே ஆபத்தாயிருக்கும்" என்றார் மெதுவாக. இரண்டையும் நிறுத்தினார்கள். டியூப் வைத்துச் சிறுநீரை வெளியேற்றினார்கள். சிஸ்டர் அத்தையின் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிவிட்டார். மணிக்கொரு தரம் வந்து, "இது பெரம்பலூர் ஆஸ்பத்திரிம்மா, இன்னைக்கு வியாழக்கிழமை" என்று சலிக்காமல் சொன்னார். அத்தையின் கைகள் அடங்க இன்னும் ஒன்றரை நாள் ஆனது. அதுவரை அந்த ஸ்டூலை நான் எடுக்கவுமில்லை, அதில் உட்காரவுமில்லை.

போன மாதம் கண்புரை ஆபரேஷனுக்காக அத்தையை அரியலூரில் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிய பெண் என்னிடம்தான் மாத்திரை விவரம் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ஒண்ணு. அரிப்புக்கு முன்ன ஒண்ணு போட்டேன், அது எனக்கு ஆவல. அதையும் எழுதும்மா, சின்னதுதானேன்னு வுட்டுடாத."

வராந்தா பெஞ்சில் காத்திருந்தபோது, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன். "அன்னைக்கு அப்பாவப் பாத்தியே அத்த, ஞாபகம் இருக்கா? பயமா இல்லியா?"

"எங்கண்ணனப் பாத்து எனக்கென்ன பயம்?" என்றாள். சொட்டு மருந்து விட்ட கண்ணை மூடியபடியே தொடர்ந்தாள். "நீ என்னப் பாத்த பாரு ஒரு பார்வ. அதப் பாத்துத்தான், ஓகோ, நாந்தான் செத்துட்டேனாக்கும்னு நெனச்சேன்."

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். என் தோளைப் பிடித்து எழுந்து, ஒரு காலைச் சற்றே இழுத்தபடி, அத்தை தானே நடந்து போனாள்.